அவருக்குப் பிறகுதான் நான்

14 ஜூலை 2025, திங்கள்

ஐஸ் பக்டரியில் நான் எழுதிய கணினி நிரல் ஓடத் தொடங்கி ஒரு கிழமை. முதலாளி சரீப் நானா கத்திக் கத்தி ஐஸ் பிரித்த காலம் போய், படகுக்காரர்கள் தாங்கள் ஐஸ் ஏற்றும் நேரத்தைப் போனிலேயே பார்க்கிறார்கள். இந்தக் கிழமையும் ஒழுங்காக ஓடினால் தெரிந்த மற்றப் பக்டரிகளுக்கும் என்னைச் சொல்வாராம். ஓடாவிட்டால் கொழும்புக் கம்பனி வேலைதான். அவர்களுக்கு அடுத்த திங்கள் பதில் போகவேண்டும்.

இக்ராமுக்கு மூதூரில் கணக்கு ஆசிரியர் வேலை. கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆளுக்கொரு ஊரா? கேட்டால் "உங்கட விருப்பம்தான்" என்கிறார். ஆத்திரமாக வருகிறது. நானும் அவரிடம் அதையேதான் சொன்னேன், அது வேறு கதை.

15, செவ்வாய்

இக்ராம் கோப்பை கழுவவில்லை. நான் நிரல் எழுதுகிற ஹாஸ்கெல் மொழி, விடை தேவைப்படும்வரை கணக்கைப் போடாது என்று நான்தான் பெருமையடித்தேனாம். "கோப்பை தேவைப்படட்டும், கழுவுறன். மொழிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" சோம்பேறிக்குக் கணக்கும் தெரிந்தால் வீட்டில் இதுதான் நிலைமை.

16, புதன்

நிரல் விழுந்துவிட்டது. சரீப் நானா முழு வரிசையையும் பார்க்கப் பொத்தானை அமத்தினாராம், திரை அசையவே இல்லையாம். பழையபடி தொண்டை கிழியக் கத்தித்தான் ஐஸ் கொடுத்திருக்கிறார். "இந்தக் கிழமைக்குள்ள சரிவராட்டி விடுவம், தங்கச்சி" என்றார். என்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் பரவாயில்லை.

வகைச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. நேரம் வரவேண்டிய இடத்தில் நேரம், பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர். அப்போ ஏன்?

17, வியாழன்

பிடித்துவிட்டேன். 'இன்னாருக்குப் பிறகு எனக்கு' என்று பதிய ஒரு வசதி வைத்திருந்தேன் — இங்கே எல்லாரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள்தானே. இந்தச் சல்லிக் கரை ஊர்க் கதிரவேல் ஐயா, மூதூரிலிருந்து வருகிற ஸெய்னுதீன் நானாவுக்குப் பிறகு என்று பதிந்திருக்கிறார். ஸெய்னுதீன் நானா, கதிரவேல் ஐயாவுக்குப் பிறகு என்று. இவர் நேரத்துக்கு அவர் நேரம் வேண்டும், அவர் நேரத்துக்கு இவர் நேரம். எந்தக் காலத்தில் முடியும்?

இத்தனை நாளும் இரண்டு பேரும் போனைப் பார்க்காமல் கடைசியாக வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் கேட்காததால் நிரலும் அந்தக் கணக்கைத் தொடவில்லை. சரீப் நானா முழு வரிசையையும் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டது. வகை சரியென்றால், விடை வந்தால் அது பொருத்தமான விடையாக இருக்கும், அவ்வளவுதான். விடை வந்தே தீரும் என்றில்லை. கம்பஸில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துபோனேன்.

18, வெள்ளி

வகையையே மாற்றிவிட்டேன். ஏற்கெனவே வரிசையில் நிற்பவரைத்தான் இனி 'இவருக்குப் பிறகு' என்று சொல்லலாம். இனிச் சுற்ற வழியே இல்லை.

19, சனி

வழி இருக்கிறது. அவர் முதலில் பதியட்டும் என்று இவரும், இவர் பதியட்டும் என்று அவரும், பக்டரி வாசல் தேத்தண்ணிக் கடையில் ஒரே வாங்கில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். போய்க் கேட்டேன். "அவர் என்னை விட மூத்தவர், எப்பிடி முந்துறது?" என்றார் கதிரவேல் ஐயா. ஸெய்னுதீன் நானா, "இது அவர்ட கரை, பிள்ளை" என்றார்.

இரண்டு படகையும் ஒரே பெயரில் பதிந்துவிட்டேன். சரீப் நானா வயிறு குலுங்கச் சிரித்தார். நிரல் இருக்கட்டுமாம், மற்றவர்களுக்கும் சொல்கிறாராம்.

ஓடிவந்து இக்ராமிடம் சொன்னேன். அப்போ கொழும்பு? என்று கேட்டேன். உங்கட விருப்பமாம்.

21, திங்கள்

கொழும்புக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் போனேன். "எனக்குப் போக விருப்பமில்லை. முதலே இல்லை. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீங்க போக ஆசைப்படுறீங்க எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார். போன கிழமையே பள்ளிக்கூட அதிபரிடம் போய்க் கொழும்புக்கு இடமாற்றம் கேட்டுவிட்டாராம்.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு கோப்பை கழுவ இரண்டு நாள் எடுக்கிற மனிதர், யாரும் கேட்காமலே இதை மட்டும் முந்திச் செய்திருக்கிறார். நாளைக்கு அதிபரிடம் போய் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.