கிளியர்னு சொல்றதுக்கு முன்னாடி

ஜுபைல் கேம்ப், சவுதி அரேபியா
1979, மாசி மாசம், வெள்ளிக்கிழமை

மகள் ஜெயமணிக்கு அய்யா கார்மேகம் வாயால சொல்ல, ரூம்ல கூட இருக்கிற கௌஸ் முகைதீன் பாய் கையால எழுதுறது. நான் இங்க திடமா இருக்கேன், மூணு வேளையும் சாப்பிடுறேன், மதுரையில நீயும் ஊர்ல உங்க ஆத்தாளும் அதே மாதிரி இருக்கணும்னு மாரியாத்தாளை நெனச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். உன் கடுதாசி போன வாரம் வந்துச்சு. அதுல நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்த, பாஸ்கரைக் கட்டிக்க வேண்டாம்னு எழுதினீங்களே அய்யா, அது உங்க மனசுல வந்த வார்த்தையா, உடையப்ப மாமா சொன்ன வார்த்தையா, கிளியரா எழுதுங்கன்னு. பாய் அதை ரெண்டு தடவை வாசிச்சாரு. நான் எந்திரிச்சுப் போயி துணி துவைச்சேன். பதில் இதுலயே வருது, ஆனா நான் நேரா வர்ற ஆளு இல்லைன்னு உனக்குத் தெரியும், கொஞ்சம் சுத்தித்தான் வருவேன்.

அந்தக் கிளியர்ங்கிற வார்த்தை இருக்கு பாரு, நான் இங்க வந்து இறங்கின நாள்ல இருந்து என்னை விடாமத் தொரத்துது. ஏர்போர்ட்ல ஒருத்தன் என் தகரப் பெட்டியைத் தொறந்து ஊறுகாயை மோந்து பாத்துட்டு, பெட்டி மேல சாக்கட்டியால ஒரு கோடு இழுத்து கிளியர்னான். மறுநாள் டாக்டர் நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டுட்டு அவரும் அதையே சொன்னாரு. பெட்டிக்கும் நெஞ்சுக்கும் ஒரே வார்த்தையான்னு அன்னிக்கே யோசிச்சேன். மணல் காத்து மூணு நாள் அடிச்சு ஓஞ்சா வானம் கிளியர். மெஸ்ஸுல சாம்பார் அண்டா தீந்தா அதுவும் கிளியர். ஃபோர்மேன் ஒரு வேலையை வெளக்கிட்டு கிளியரான்னு கேப்பாரு, புரிஞ்சவன் புரியாதவன் எல்லாரும் கிளியர் கிளியர்னு தலையாட்டுவோம். நம்ம பக்கம் வானம் வெளுக்கும், அண்டா காலியாகும், கலங்கின தண்ணி தெளியும், வழக்கு தீரும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு வார்த்தையை வேலைக்கு வச்சிருக்கோம். இவங்க ஒத்தை ஆளை வச்சே அம்புட்டு வேலையும் வாங்குறாங்க, அது எப்படித்தான் தாங்குதோ. நீயும் டெலிபோன் ஆபீசுல டிரங்கால் போர்டு முன்னாடி உக்காந்து லைன் கிளியரா இருக்கா சார்னு நாள் முழுக்க இதைத்தானே சொல்ற. சின்னப் பிள்ளையில உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டு பரமக்குடி ஸ்டேஷன்ல நிப்பேன், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை காலின்னு பிரம்பு வளையத்தை நீட்டுவாங்க, ஓடுற ரயில்ல இருந்தே டிரைவர் அதைக் கையில கோத்துக்கிட்டுப் போவான், அதுக்குப் பேரும் லைன் கிளியர்தான். அந்த வளையம் வேணும்னு நீ ஊரு வர்ற வரைக்கும் அழுத. அதை விடு.

இப்ப எங்களுக்கு வேலை கடல் தண்ணி வர்ற குழாய்க்குள்ள. குழாய்ன்னா வீட்டுக் குழாய்னு நெனச்சுக்காத, மாட்டு வண்டியே உள்ள போகலாம், நீளம் ஒரு மைல். உள்ள கெடக்கிற மணலையும் வெல்டிங் கசடையும் கூட்டி அள்ளணும். வாசல்ல ஒரு பலகை, பலகை நெறைய ஆணி. ஆளுக்கொரு பித்தளை வில்லை, நம்பர் வெட்டியிருக்கும், உள்ள போறப்ப மாட்டணும், வெளிய வந்தா எடுத்துக்கணும். பலகையில ஒண்ணும் இல்லைன்னாத்தான் சேப்டி ஆபீசர் சேதுமாதவன் சார் கிளியர்னு சொல்லுவாரு, அவரு சொன்னாத்தான் தண்ணி தொறப்பாங்க. கோயம்புத்தூர்க்காரர், தங்கமான மனுசன், சிரிக்க மட்டும் மாட்டாரு. காலையில ஆள் வந்திருக்கா வரலையாங்கிறதையும் அந்தப் பலகையைப் பாத்துத்தான் எழுதிக்குவாங்க. அங்கதான் நான் தப்புப் பண்ணினேன். போன திங்கக்கிழமை நம்ம பாய்க்குப் பல்வலி, கன்னம் பணியாரமா வீங்கிக் கெடக்கு. ஆப்செண்ட் விழுந்தா ஊருக்குப் போற லீவுல ஒரு நாளை வெட்டிடுவாங்க, இவரோ மக பொறந்ததுல இருந்து பாக்காத அவ முகத்தைப் பாக்க ஒவ்வொரு நாளா சேத்து வச்சிருக்கிற ஆளு. நீங்க படுங்க பாய்ன்னுட்டு அவரு வில்லையையும் வாங்கிட்டுப் போயி என்னோடதுக்குப் பக்கத்துல மாட்டிட்டேன். இந்த ஒத்தாசை ரூமுக்கு ரூம் எல்லாரும் செய்யிறதுதான். இதெல்லாம் எழுதணுமா கார்மேகம்னு பாய் பேனாவை நிறுத்திட்டாரு. எழுதுங்க, என் மக யாருகிட்டயும் சொல்ல மாட்டான்னு சொல்லியிருக்கேன்.

பத்து மணிக்கு என்னைத் துறைமுகத்துல சாமான் ஏத்த லாரியில வரச் சொல்லிட்டாங்க, யல்லா யல்லான்னு வெரட்டின வெரட்டுல என் வில்லையை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினேன், பாய் வில்லை மறந்தே போச்சு. அன்னிக்கு மத்தியானம் தண்ணி விடப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது. மூணு மணிக்குத் திரும்பி வந்தா சைட்டே நிக்குது. கிரேன் நிக்குது, மிஷின் நிக்குது, எழுநூறு பேரு வெயில்ல சத்தமில்லாம நிக்கிறாங்க. பலகையில பாயோட வில்லை, 217, மட்டும் தனியாத் தொங்குது. கம்பெனியோட பெரிய கொரியாக்கார இன்ஜினியரே, அவருக்கு வில்லை கெடையாது, டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு மூணாவது தடவையா உள்ள போயிருக்காராம். பாகிஸ்தான் பட்டாணிக்காரன் ஒருத்தன் குழாய் வாசல்ல குனிஞ்சு கௌஸ் பாய், கௌஸ் பாய்ன்னு கூப்பிடுறான், குழாய் அதையே திருப்பிச் சொல்லுது. அவன் பாய் முகத்தைக்கூடப் பாத்தது கெடையாது தாயி, கண்ணுல தண்ணி நிக்குது அவனுக்கு. நேரா சார் முன்னாடி போயி, அது நான் மாட்டினது சார், ஆளு ரூம்ல படுத்திருக்காருன்னு சொல்லிட்டேன். அடிப்பாருன்னு நெனச்சேன். மெதுவாத்தான் சொன்னாரு, ஆளு உள்ள இருக்கான்னு காலையில இந்த வில்லையும்தான்யா சொல்லுச்சு, இப்ப நீ சொல்றதை மட்டும் எப்படி நம்புறது, நான் கண்ணால பாக்கணும்னு. ஜீப்பு கேம்புக்குப் போச்சு. பாய் கன்னத்துல துண்டைக் கட்டிக்கிட்டு பனியனோட இறங்குறாரு, கூட்டம் வழி விடுது, அவரு கையாலயே வில்லையை எடுக்க வச்சாங்க. இன்ஜினியர் வெளிய வந்து நின்னதையும் பாத்துட்டுத்தான் சார் கிளியர்னாரு. மொதல்ல காலுக்கடியில தரை அதிருச்சு, பெறகு சத்தம், பெறகு தண்ணி. கடலே எந்திரிச்சு உள்ள நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு. அம்மாம் பெரிய தண்ணியை, தொடப்பம் பிடிக்கிற ஒருத்தனுக்காக, ஒரு பித்தளை வில்லை அவ்வளவு நேரம் தடுத்து நிறுத்தியிருக்கு. சாமி வந்தவன் மாதிரி எனக்கு ஒடம்பு ஆடிப் போச்சு, இன்னும் அடங்கல.

பாய்க்கு ஆப்செண்ட் விழுந்துச்சு. எனக்கு என்ன தண்டனைன்னா, இனிமே அந்தப் பலகைக்கு நீதான் காவல்னுட்டாரு. எழுத்துத் தெரியாட்டியும் நம்பர் தெரியுமே, ஒவ்வொருத்தன் முகத்தையும் நம்பரையும் பாத்துத்தான் உள்ள விடுறேன். அங்க உக்காந்திருந்தப்பத்தான் உன் கேள்வி எனக்கு ஒறைச்சுது. பாஸ்கர் எப்படியிருப்பான்னுகூட எனக்குத் தெரியாது. டெலிபோன் கம்பம் ஏறுறவன், நம்ம ஆளுக இல்ல, சேர்க்கை சரியில்லன்னு உடையப்பன் மச்சான் எழுதினாரு, நானும் வேண்டாம்னு உனக்கு எழுத வச்சுட்டேன். அது மச்சான் வில்லை தாயி, நான் என் ஆணியில மாட்டிட்டேன். இப்ப எடுத்துட்டேன். வேண்டாம்னு எழுதினதை இல்லைன்னு வச்சுக்க. ஆனா சரின்னும் சொல்ல மாட்டேன், அதுக்கும் நான் கண்ணால பாக்கணும். சித்திரையில லீவு, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மதுரையிலதான் இறங்குவேன். அந்தத் தம்பியைத் தனியா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு, ஒரு டீ குடிப்போம். அது வரைக்கும் கம்பத்துல இருந்து விழுந்து கிழுந்து வைக்காம இருக்கச் சொல்லு.

மாமாகிட்ட நீ சண்டைக்குப் போகாத, அவருக்கு நான் எழுதிக்கிறேன். கேம்புல இருந்து ஊருக்கு வர்ற ஹபீப் முகம்மதுகிட்ட ஆத்தா முழங்காலுக்குத் தைலம் குடுத்து விட்டிருக்கேன், நீ போறப்ப மறக்காம தேய்ச்சு விடு. காதுல அந்த மிஷினையே மாட்டிக்கிட்டு இருக்காத, நடு நடுவுல கழட்டி வையி. எந்தக் கொறையும் அண்டாம நீ நல்லா இருக்கணும். இம்புட்டும் பாய் எழுத்து, கீழ இருக்கிற என் வில்லை நம்பர் மட்டும் நான் பேனாவை வாங்கி என் கையால போட்டது.

உன் அய்யா கார்மேகம்
216