இன்டர்வெல்லில் வரும் அம்மா

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் செல்லமாக இருந்த என் அப்பாவுக்கு,

பாப்பாவும் அவள் அப்பா ரமேஷும் தூங்கிவிட்டார்கள். நீங்கள் பார்க்காமலே போய்விட்ட பேத்தியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் உங்கள் கொட்டகையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போதும் அப்படித்தானே? வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னைக்கு ஹவுஸ்ஃபுல்லு" என்பீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசெல்லாம் அதற்கப்புறம்தான்.

தியேட்டரை இடித்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இடிக்கவில்லை, அப்பா. வெளியே பளிச்சென்று ரோஸ் கலர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மேலே பால்கனியில் ஜிம். கீழே, நீங்கள் டார்ச் விளக்கோடு சீட் காட்டிக்கொண்டிருந்த ஹாலில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர். திரை இருந்த சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். டிக்கெட் கொடுத்த கம்பி ஜன்னலுக்குப் பின்னால் குட்டிக் குட்டிச் செருப்புகள்.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், முடிந்துபோனது. அந்தக் கட்டடத்துக்கு மட்டும் எப்படி இன்னொரு பிறவி கிடைத்தது? அந்த ரோஸ் கலரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாப்பாவை அங்கேதான் விட்டிருக்கிறேன். செம்பூரில் என் ஆபீசுக்குப் பக்கத்தில் வேறு எங்கும் இடமில்லை. திராட்சை தொண்டையில் சிக்கிவிடுமோ, காய்ச்சல் வந்தால் கவனிப்பார்களோ என்று முதல் வாரம் முழுக்க போன் மேல் போன். ஒன்றும் ஆகவில்லை. அழக்கூட இல்லையாம். வீட்டில் நான் தோளில் போட்டு எவ்வளவு தட்டினாலும் முழித்துக்கொண்டே இருக்கிறவள், அங்கே படுத்த உடனே தூங்கிவிடுகிறாளாம். இதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குமேல் ஒன்று. சாயங்காலம் கூப்பிடப் போனால் என்னைப் பார்த்து அவள் அம்மா என்று சொல்வதில்லை. கையைத் தட்டி, "இன்டவல்!" என்கிறாள். இன்டர்வெல்லாம்!

அம்மா உங்களைச் சொல்லிக் காட்டுவாளே, "ஒங்க அப்பாவுக்கு வீடு வெறும் இன்டர்வெல்லு, படம் அங்கதான் ஓடுது" என்று. மேட்னி விட்டு வந்து அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஃபர்ஸ்ட் ஷோவுக்கு ஓடுவீர்கள். உங்களுக்கு வீடு எதுவோ, என் பிள்ளைக்கு இப்போது நான் அது. போதாதா? வேலையை விட்டாலும் பரவாயில்லை, பாப்பாவை அங்கிருந்து நிறுத்திவிடுகிறேன் என்று ரமேஷிடம் சொன்னேன்.

"குழந்தை அங்க சந்தோஷமா இருக்கா. அதானா உன் பிரச்சினை?" என்றார். ஆமாம், அதுதான்.

இன்று சாயங்காலம் நிறுத்தப்போவதைச் சொல்லிவிடுவது என்றே போனேன். வாசலில் பேச்சியக்கா நின்றிருந்தார். தாராவியிலிருந்து வருகிறவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அவரை டே கேரில் எல்லாரும் 'மௌசி' என்பார்கள், இந்தியில் சித்தி. அவர் தோளில் என் பாப்பா. என்னைக் கண்டதும், "இன்டவல்!"

"அக்கா, அவ ஏன் என்ன அப்படிக் கூப்பிடுறா? அம்மான்னு சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"கோவப்படாதீங்க மேடம். நீங்க போனதும் வாசலயே பாத்துக்கிட்டு நிக்கும்லா? 'சும்மா கெடட்டி, இன்டர்வெல்லுல ஒங்கம்ம வந்துருவா'ன்னு சொல்லுவேன். இந்தச் சுண்டெலி அம்மைய விட்டுட்டு இன்டர்வெல்ல மட்டும் புடிச்சுக்கிட்டுது."

"டே கேர்ல ஏதுக்கா இன்டர்வெல்லு?"

"இது கொட்டகையா இருந்த எடம்லா? ஞாயித்துக்கெழம காலைல தமிழ்ப்படம் போடுவாவ. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வருவேன். அது வீல்னு கத்தும். 'வெளிய போ'ன்னு ஆம்பளையாளுவ சத்தம் போடுவானுவ. டார்ச்சண்ணன்னு ஒருத்தர் இருந்தாரு, காலர்ல கர்சீப்பு வச்சிருப்பாரு. 'நீ படத்தப் பாரு தாயி'ன்னு பிள்ளைய வாங்கிக்கிட்டுப் போயிருவாரு. டார்ச்சக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, 'அழப்பிடாது, இன்டர்வெல்லுல அம்ம வந்துருவா'ன்னு இந்த வராண்டாவுலதான் நடப்பாரு. எம் மவள மட்டுமா? எத்தன பிள்ளைய!"

காலரில் கர்சீப். ஃபர்ஸ்ட் ஷோவுக்கு ஓடும்போது நீங்கள் செருகிக்கொள்வீர்களே, அதே கர்சீப்.

"அவருக்கு ஒரு பொண்ணு இருந்தது தெரியுமாக்கா?"

"பொண்ணா? அவருக்குக் கலியாணமே ஆவலன்னுல்லா நாங்க நெனச்சோம்! வீட்டுக்கே போவ மாட்டாரே மனுசன்."

சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள் அப்பா. குடும்பத்தை ஓசியில் உட்கார வைத்தால் பெயர் கெட்டுவிடும் என்று என்னை அந்த வாசல்படி மிதிக்கவிடவில்லை. நான் தாராவியில் அந்த ஒற்றை அறையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் தோள் இவ்வளவு பேருக்குக் கிடைத்திருக்கிறது. என்னைத் தூக்கிக்கொண்டு எப்போதாவது இப்படி நடந்தீர்களா? நடந்திருந்தாலும் எனக்கு நினைவில்லையே, அதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

"அக்கா, அவர்தான் எங்க அப்பா."

பேச்சியக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்ததும், "அப்பல்லாம் வாரம் முச்சூடும் எட்டுப் பேருக்குப் பொங்கிப் போடணும். அந்தப் படம் பாக்க நேரந்தான் தாயி எனக்கு மூச்சு" என்றார். பிறகு பாப்பாவின் மூக்கைத் தொட்டு, "அப்ப நீ டார்ச்சண்ணன் பேத்தியாட்டி! நாளைக்கு ஒனக்கு ஒந்தாத்தா கதையச் சொல்லுதேன், என்ன?"

"வேண்டாங்க்கா. அத நான் சொல்லிக்கிறேன்."

வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பையை எடுத்துக் கொடுத்தார். நிறுத்தப் போகிறேன் என்று சொல்லப் போனவள் அதைச் சொல்லாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆபீசில் நான் நிம்மதியாக ஒரு டீ குடிக்கிற நேரமும் இப்போது அந்த அக்காவின் தோளில்தான் இருக்கிறது. அப்படித் தோள் கொடுப்பதை அவர் உங்களிடமிருந்துதான் வாங்கி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கு மனசு வரவில்லை, அப்பா.

பாப்பா அங்கேயேதான் இருப்பாள். நானும் வேலைக்குப் போவேன். ஆனால் நாளைக் காலையில், பேச்சியக்கா வாய் திறப்பதற்கு முன்னால், ஆட்டோவில் போகும்போதே உங்களைப் பற்றி அவளிடம் சொல்லிவிடுவேன். அவளுக்கு ஒன்றும் புரியாது, புரியாவிட்டால் என்ன? மறுநாளும் சொல்வேன். ஊருக்கெல்லாம் உங்களை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நான்தான் கொடுப்பேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பிறந்த ஒரே மகள்,
மாலதி