ஒரு மணி பத்து நிமிடம்

பிப்ரவரி 3, திங்கள்
விமான டிக்கெட் அலுவலகத்தில் இன்று ஈ ஓட்டினோம். மாலையில் ஒரு பெரியவர் வந்தார். தன் மகள் இருக்கும் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். என் அண்ணன் இருக்கும் அதே ஊர். கணினியைப் பார்க்காமலே சொன்னேன். “நேரா போனா பன்னெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். நடுவுல ஒரு இடத்துல ப்ளைட் மாறணும். முதல்ல ஒன்பதரை மணி நேரம், அப்புறம் ஆறு மணி பத்து நிமிஷம்.”
“நடுவுல எவ்ளோ நேரம்மா உக்காரணும்?”
பக்கத்து மேஜைக்காரிதான் பதில் சொன்னாள்.

பிப்ரவரி 4
ஏழு மணி நேரம். அண்ணனுக்கு நான் போட்டது.

பிப்ரவரி 7
எழுதியே தீர்த்துவிடுகிறேன். நவம்பரில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் முற்றியபோது அண்ணன் வர இரண்டு வழி இருந்தது. ஒன்றில் மாறுவதற்கு ஒரு மணி பத்து நிமிடம். இன்னொன்றில் ஏழு மணி நேரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்துக்கு நெருக்கிப் போட்டதில், அவர்கள் விமானம் தவறி, கைக்குழந்தையோடு ஒரு நாள் முழுக்க நாற்காலியில் கிடந்தார்கள். சூடு கண்ட பூனை நான். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து யாருக்கும் போட்டதில்லை. அண்ணனிடம் கேட்கக்கூட இல்லை.
அப்பா போனது மதியம் மூன்று இருபதுக்கு. அண்ணன் இறங்கியது மாலை ஆறு மணிக்கு. அந்த ஒரு மணி பத்து நிமிட வழியில் என்றால் பகல் பன்னிரண்டு பத்து.
அன்று காலை பத்து மணிக்கு அப்பா கேட்டார். “எங்க வந்துட்டு இருக்கான்?” அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. “வானத்துலப்பா” என்றேன். பொய். நடுவழியில் உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி 12
அந்த முதல் விமானம் எப்போது இறங்கியது என்று தினமும் பார்க்கிறேன். மாறுவதற்கு ஒரு மணி பத்து நிமிடம் போதாத அளவு தாமதம் என்றால் மனசு குளிர்கிறது. இதெல்லாம் ஒரு பிழைப்பா?

பிப்ரவரி 19
துணிந்து அப்பா போன தேதியையே பார்த்துவிட்டேன். முதல் விமானம் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே இறங்கியிருக்கிறது. அடுத்தது இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. நொண்டிக்கொண்டு போயிருந்தாலும் அண்ணன் பிடித்திருப்பான்.

பிப்ரவரி 22
போனில் சொல்லிவிட்டேன். “அண்ணா, அன்னிக்கு இன்னொரு ப்ளைட் இருந்துச்சு. நான்தான் போடல.”
“தெரியும். நான் உக்காந்திருந்த எடத்துக்கு எதிர் கேட்டுல நம்ம ஊர் ப்ளைட்னு போட்டிருந்துச்சு. அது கிளம்புற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்.”
வைத்துவிட்டான்.
மூன்று மாதமாகத் தெரிந்தேவா? ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா — ஏன்டா அண்ணா?

மார்ச் 9
அம்மாவிடம் மட்டும் பேசுகிறான்.

மார்ச் 15
அண்ணனிடமிருந்து செய்தி. “அம்மாவப் பாக்கணும். பதினெட்டாம் தேதிக்குப் போடு, பொடிசு. அந்த ஒரு மணி பத்து நிமிஷத்தையே போடு. நான் ஓடிக்கிறேன்.”
போட்டேன்.

மார்ச் 19, காலை
முதல் விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதம். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். “என்னடி, நீ ஓடுற மாதிரி மூச்சு வாங்குற?” என்றாள் அம்மா.

மாலை
பன்னிரண்டு பத்துக்கு இறங்கினான். ஆள் வந்துவிட்டான், பெட்டிக்கு ஓடத் தெரியவில்லை, நாளைக்குத்தான் வருமாம். குளித்துவிட்டு அப்பாவின் நீலக்கோடு சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். தண்ணீர் கொண்டு வந்த அம்மா அவன் முதுகைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.
மூன்று இருபதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
“அப்பா கடைசியா என்ன கேட்டாரு?” என்றான்.
அவர் கேட்டதைச் சொன்னேன். “வானத்துலப்பா” என்று நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.