முதல் கேள்வி மாணவருக்கு

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மாநாட்டுக் கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இங்கே ஒரு வழக்கம். எந்த உரையானாலும் முதல் கேள்வியை ஒரு மாணவர்தான் கேட்க வேண்டும். எங்கள் கூச்சம் போவதற்காம். இன்று என் வழிகாட்டிப் பேராசிரியர் பேசினார். ஏரித் தண்ணீர் சூடேறுவதைக் காட்டும் வரைபடத்தில் ஒரு நாளின் உச்சப் புள்ளியும் இருந்தது. அன்று தண்ணீர் வற்றி, வெப்பமானி கரைச் சேற்றில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முன்பே அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார்.

மாணவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "நீங்க கேட்டாதான் மத்தவங்க கேக்க முடியும்" என்று அமர்வுத் தலைவர் காத்திருந்தார். என் கை எப்படி உயர்ந்ததோ, தெரியவில்லை.

"அந்த உச்சத்துல வெப்பமானி தண்ணிக்குள்ளதான் இருந்துச்சா, சார்?"

பேராசிரியர் சிரித்தார். "அளந்ததே இந்தப் பொண்ணுதான். அவளே சொல்லட்டும்."

மைக் என் கையிலேயே இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன், அக்கா.

அமர்வு முடிந்ததும் அவர் என்னைப் பார்க்காமலே படியிறங்கிச் சாப்பிடப் போய்விட்டார். ஊர் திரும்பும் ரயிலில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

உன் பயந்தாங்கொள்ளி