மூன்றாவது கம்பியைப் பற்றி அண்ணனுக்கு

அன்புள்ள சாமுவேல் அண்ணா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் பொய்யில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. சபை மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் ஆயர். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. உங்க அண்ணன் கிடார் மாதிரி ஆம்பூர்ல இனிமே யார் வாசிக்கப் போறாங்க?" என்றார். நல்லதாக நாலு வார்த்தை என்றால் எனக்கு அரை மணி நேரம் போதும். இருபத்தெட்டு வருடம் பாடகர் குழுவுக்கு லீட் கிடார் வாசித்தாய். யார் வீட்டுச் சாவுக்குக் கூப்பிட்டாலும் கிடாரை எடுத்துக்கொண்டு போனாய். எல்லாம் உண்மைதான். ஆனால் உன்னிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் அந்த நாலு வார்த்தையும் வரமாட்டேன் என்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணி நன்றாக இருக்கிறார், சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கள் ஷூ கம்பெனியில் ஆர்டர் கம்மி. சனிக்கிழமைகளில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? லீட் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஆமாம், நான்தான். உன் கன்ட்ரி லீட்.

சபையில் இப்போது இருக்கிற பாதிப் பேருக்கு அந்த வாசிப்பு உனக்கு எப்படி வந்தது என்றே தெரியாது. ஷூ கம்பெனிக்குத் தரம் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரரை ஏர்போர்ட்டிலிருந்து காரில் கூட்டி வருவது உன் வேலை. அந்த மனிதர் வண்டியில் ஓட விட்ட இரண்டு கேசட்டுகளை, ஊருக்குத் திரும்பும்போது உன்னிடமே விட்டுவிட்டுப் போனார். அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு, கன்ட்ரி என்பார்கள். கிடார் அதில் அழும், கொஞ்சும், திடீரென்று கேலி பேசும். நீ அந்தக் கேசட்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டு, அந்த அழுகையைக் கொண்டுவந்து நம் கீர்த்தனைகளுக்கு நடுவே வைத்தாய். ஒரு சுரத்தை அடித்து, கம்பியை விரலால் மேலே தள்ளி, அடுத்த சுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாய். சபையில் அதற்கு 'சாமுவேல் இழுப்பு' என்றே பெயர் வைத்தார்கள். ஜெபம் முடிந்து கண் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூட அந்த இழுப்புக்குத் தலையை ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

நீ லீட்டில் மெட்டை வாசிக்க, நான் உனக்கு வலப்பக்கம், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து தாளத்துக்கு ரிதம் போட்டேன். அதுவும் இருபத்தெட்டு வருடம்.

அந்த இழுப்பை எனக்குச் சொல்லிக் கொடு என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்? சொல்லியும் கொடுத்தாய், அதை மறைக்க மாட்டேன். எந்த விரல், எந்தக் கட்டம், எவ்வளவு தள்ள வேண்டும், எல்லாம் காட்டினாய். நான் தள்ளுவேன். மூன்றாவது கம்பி நகராது. நகர்ந்தாலும் சுரம் பாதி வழியில் செத்துப்போகும். நீ சிரிப்பாய். "உன் விரல்ல பலம் பத்தாது எஸ்தரு. பொம்பள கைக்கு அது வராது, விடு" என்பாய்.

யாரைப் பார்த்துச் சொன்னாய் அண்ணா? நான் ஷூவின் மேல்தோலை, அப்பரை, கையால் தைக்கிறவள். தோல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஊசியைக் குத்தி வாங்கி, மெழுகு நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இழுக்க வேண்டும். நூல் அறுத்து அறுத்து என் சுண்டுவிரல் மடிப்பில் இருக்கும் கோடு உனக்குத் தெரியும், நீயே எத்தனை முறை மருந்து வாங்கி வந்திருக்கிறாய். அந்தக் கைக்கா பலம் பத்தாது? ஆனாலும் நீ சொன்னதை நம்பினேன். நீ சொன்னால் நான் எதைத்தான் நம்பவில்லை?

அந்தக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? ஏர்போர்ட் போன நீ மழையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. வீடு வீடாகப் பாட்டுக்குப் போகிற நாள். "எஸ்தர் அக்கா, இன்னைக்கு நீங்களே லீட் வாசிங்க" என்று எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். உன் கிடாரை நீ பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாய், அதனால் என் கிடாரிலேயே வாசித்தேன். இழுப்பு வருகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். கம்பி அசைந்து கொடுக்கவில்லை. ஆடு கத்தினது போல ஒரு சத்தம் வந்தது. முதலில் சிரித்தது அந்த வீட்டுக்காரர், அப்புறம் தெருவே சிரித்தது. விரல் நுனி கிழிந்து ரத்தம் கம்பியில் ஒட்டியிருந்தது.

மறுநாள் நீ வந்து கேள்விப்பட்டு, என் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாய். "நான்தான் சொன்னேன்ல?" என்றாய். அத்தோடு நான் லீட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இப்போது நாற்பத்தெட்டு.

நீ போன பிறகு அண்ணி உன் கிடாரை என்னிடம் கொடுத்தார். "சும்மா சுவத்துல மாட்டிகினு இருக்குது எஸ்தர். பார்த்தா பேஜாரா இருக்கு. நீ எடுத்துட்டுப் போ" என்றார். உன் கிடார் என் மடிக்கு வந்தது அதுதான் முதல் முறை. கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. கம்பி மாற்றவும் எனக்குத் தெரியாது, என் கிடாருக்கும் நீதானே மாற்றிக் கொடுப்பாய்? வேலூருக்கு பஸ் ஏறினேன். பஜாரில் நீ வழக்கமாகப் போகிற பாய் கடைக்குத்தான் கொண்டுபோனேன்.

பாய் கிடாரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "சாமுவேல் டிரைவருது இல்ல? அவருக்கு எப்பவும் ஒரு செட்டு, கூட ஒரு ரெண்டாவது கம்பி தனியா. அப்படியே போட்டுடவா?"

"எதுக்கு பாய் தனியா ஒண்ணு?"

"இன்னாமா இப்படிக் கேக்குறீங்க? மூணாவது இடத்துல போடத்தான். செட்டுல வர்ற மூணாவது, மேல சுத்து சுத்துன தடிக் கம்பி. அத இழுத்தா எழும்பாது, பயில்வான் வந்தாலும் எழும்பாது. அதக் கழட்டிப் போட்டுட்டு ரெண்டாவது கம்பிய அங்க கட்டிக்குவாரு. மெல்லிசு, வழுவழுன்னு இருக்கும். தள்ளுனா போய்கினே இருக்கும். அந்தப் பாட்டு வாசிக்கறவங்க எல்லாம் அப்படித்தான் போடுவாங்க. ஏன், நீங்களும் அவர் கூடவே வாசிக்கறவங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய்," என்றேன். அந்தக் கடையில் நின்று தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் உனக்குப் போடுகிற மாதிரியே போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. உன் செட்டில் மிஞ்சுகிற அந்தத் தடிக் கம்பி எங்கே போயிற்று? என் கிடாருக்குத்தான் போட்டாய். சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கிடாருக்கும் கம்பி மாற்றுவாய். என் அண்ணன் எனக்குக் கம்பிகூட மாற்றித் தருகிறான் என்று லைனில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவர்களிடம் எல்லாம் பெருமை பீற்றியிருக்கிறேன். நீ வேண்டாம் என்று கழற்றியது என் கிடாரில் இருந்தது. அதைத் தள்ள முடியவில்லை என்று என் விரலைக் குறை சொன்னாய்.

என் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு கை தூரம்! கண் குருடா? ஒரு கம்பி பளபளவென்று வேறு மாதிரி இருப்பதை இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கத் தெரியவில்லை. நான் உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா, கம்பியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கிடாரை மடியில் வைத்து, மூன்றாவது கம்பியைத் தள்ளினேன். போய்விட்டது. முதல் தள்ளலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததுகூட மறந்து உட்கார்ந்து அழுதேன், பால் பொங்கி ஸ்டவ்வெல்லாம் ஊற்றிவிட்டது.

அப்புறம் வைராக்கியம் வந்துவிட்டது. போன் வீடியோவில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் சொல்லித் தருகிறார். பேசுவது பாதி புரியாது, கை புரிகிறது. இரண்டு கம்பியைச் சேர்த்து அடித்து, ஒன்றை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை மட்டும் தள்ள வேண்டும். நீ ஆராதனை முடிவில் வாசிப்பது அதுதான். கம்பி மீட்டுகிற வில்லையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நடுவிரலால் கம்பியைச் சுண்டினால் கோழி கொத்துவது போலக் கேட்கும். அதற்கு மூன்று மாதம் ஆயிற்று. நூல் இழுத்து இழுத்து நடுவிரல் நகம் உடைந்துபோகும், சதையாலேயே சுண்டப் பழகினேன். பலம் ஒரு நாளும் பிரச்சினையாக இல்லை. என்னிடம் இருந்ததே அதுதான்.

ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாய். தினமும் கஞ்சி கொண்டுவந்தேன். காரைப் பற்றிப் பேசினாய், அண்ணியின் பென்ஷனைப் பற்றிப் பேசினாய். ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களை ரொம்ப நேரம் பார்த்தாய். "உன் கை நல்ல கை எஸ்தரு" என்றாய். சாகப்போகிறவன் பாசத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்போது சொல்ல வந்தாயா? வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனதா? இதுதான் என் கேள்வி. ஏன் சொல்லவில்லை என்பதுகூட இல்லை. சொல்ல வேண்டும் என்று ஒரு தடவையாவது தோன்றியதா?

போன மாதம் உன் நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்தில் நான் லீட் வாசித்தேன். இழுப்பு வருகிற இடத்தில் தள்ளினேன், வந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் முடிந்து எல்லாரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "சாமுவேலே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சும்மா." அதிலும் நீதான்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் மீதியையும் உனக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

இப்போது எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து ரிதம் போடுகிறவள் கிருபா. எங்கள் கம்பெனியில் தோலுக்குப் பசை தடவுகிற பேஸ்டிங் வேலை செய்கிறவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். கூட்டம் முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அந்த இழுப்ப நானும் வீட்ல போட்டுப் போட்டுப் பாக்குறேன். வரவே மாட்டேங்குது. இன்னா பண்ணணும்?"

"உன் விரல்ல இன்னும் பலம் வரல கிருபா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை அண்ணா. அது தானாக வந்தது. அத்தனை பேர் என் கையைப் பிடித்துவிட்டுப் போன சூடு இன்னும் ஆறவில்லை, அதற்குள் இன்னொருத்திக்கும் அது வந்துவிடுமோ என்று இருந்தது. அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சரிக்கா, பழகுறேன்" என்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் அது என் முகம்.

மறுநாளே பாயிடம் போய் ஒரு இரண்டாவது கம்பி வாங்கினேன், கிருபாவுக்காக. கிடார் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு வந்து போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஜிப்பைத் திறக்கிறேன். ஒருநாள் நேரமாகிவிட்டது, ஒருநாள் அவள் பிள்ளை அழுதது, போன வாரம் ஒரு காரணமும் இல்லை. சும்மா மூடிவிட்டேன். நீயும் இப்படித்தான் மூடினாயா?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது இன்னும் வரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நாளைக் காலை ஆயரிடம் கொடுத்துவிடப் போகிறேன். சபை மலர் மாசக் கடைசியில் அச்சாகி வந்துவிடும், கிருபா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள். இதில் படித்து அவள் தெரிந்துகொண்டால் நான் சொன்னதாக ஆகாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. அன்றைக்கு ஆராதனைக்கு முன்னால், அவள் கிடாரிலிருந்து அந்தத் தடிக் கம்பியை அவள் கண் முன்னால் என் கையாலேயே கழற்றுவேன். உன்மேல் ஆணையாக இல்லை அண்ணா, என் விரல்மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

உன் வலப்பக்கம் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த
உன் தங்கை
எஸ்தர்