ஆகாயத்தில் உறைந்த வடகரை எண்ணெய்

அத்தான்,

இன்று காலை தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டது. இந்த மார்கழியில் இத்தனை நாளும் இல்லாத குளிர். மருமகள் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வெயிலில் வைக்கக் கிளம்பினாள். "இங்கன கொண்டா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் உங்கள் தலை வாசனை. நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அந்த வாசனை வந்தால் திரும்பிப் பார்க்கிறேன். சண்டை போட ஆள் இல்லையே என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வடக்கே விமான முகாமில் உத்தியோகம் என்று சொல்லித்தான் அப்பா என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தார். சொந்த அத்தை மகன்தான் என்றாலும் உங்கள் வேலை என்னவென்று எங்கள் வடகரையில் ஒருவருக்கும் தெரியாது. விமானம் ஓட்டுவீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முதல் லீவில் நீங்கள்தான் விளக்கினீர்கள். "ஓட்டுதது வேற ஆளு. ரொம்ப உசரம் போனா அங்கன மூச்சுக்குக் காத்து பத்தாது. மூஞ்சில மாஸ்க் மாட்டி, குழாய் வழியா ஆக்ஸிஜன் குடுக்கணும். அந்த மாஸ்க்கைக் கழுவி, சோதிச்சு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுதவன் நான்."

இவ்வளவுதானா என்று கேட்டேன். "இவ்வளவுதான்" என்றீர்கள், கொஞ்சமும் கோபமில்லாமல். என் ஏமாற்றம் முகத்தில் தெரிந்திருக்கும், அதை நான் மறைக்கவும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றீர்கள். லீவு நீங்கள் கேட்டதல்ல, அவர்களாகக் கொடுத்து அனுப்பியது. நான்கு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பதில் வந்தது. திருவாதிரைக்குக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

மிக உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு பஞ்சாபி பைலட்டுக்குத் திடீரென்று மூச்சு இழுக்க முடியாமல் போயிருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வர, எப்படியோ சட்டென்று கீழே இறக்கிப் பிழைத்துவிட்டார். மாஸ்க்கைக் கழற்றிச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதே மாதிரி. அந்த மாஸ்க்கும் கீழே வந்தால் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டிலும் உங்கள் கையெழுத்து. உங்கள் அதிகாரி நல்ல மனுஷர், கத்தவில்லை. ஊருக்குப் போய் நிதானமாக யோசித்துவிட்டு வா, அதுவரை உன் மேஜையிலிருந்து போகும் மாஸ்க்கை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று மட்டும் சொன்னாராம்.

"என் கைபட்டத யாரும் போட மாட்டாவ" என்றீர்கள். பஸ் வந்து நின்றது. நீங்கள் ஏறவில்லை, நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

வரும்போதே கழித்துப்போட்ட மாஸ்க் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தீர்கள். அதற்குள் மெல்லிய ரப்பர் வட்டம் ஒன்று இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் திறக்கும், வெளியே விட்டால் மூடிக்கொள்ளும். வால்வு என்று சொன்னீர்கள். மேலே கடுங்குளிர், குழாயில் வரும் ஆக்ஸிஜனும் குளிர்ந்துதான் வரும். அந்தக் குளிரில் இதற்கு என்னவோ ஆகிறது, கீழே வந்ததும் சரியாகிவிடுகிறது என்பது உங்கள் கணக்கு. அதைச் சோதிக்க ஐஸ் வேண்டும். நம் தென்காசியில் அன்று நினைத்த நேரத்துக்கு ஐஸ் எங்கே கிடைத்தது? செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், கொல்லத்திலிருந்து ரயிலில் வரும் மீன் கூடைக்காரரிடம் கெஞ்சி, உமி ஒட்டிய ஐஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

நம்முடையது வெங்காயம் வதக்கினாலே ஜன்னலைத் திறக்கும் சைவ வீடு. அத்தை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். "ஏலே, மீன் நாத்தத்தை எங்க கொண்டு போற? நடுவீட்டுக்கா?" நீங்கள் கொல்லை வழியாகப் போய்க் கிணற்றடியில் கடை விரித்தீர்கள். ஐஸ் நிறைத்த சட்டிக்குள் மாஸ்க்கை வைத்து, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவீர்கள். வால்வு டக்கென்று திறக்கும். மறுபடியும் உறிஞ்சுவீர்கள், மறுபடியும் திறக்கும். நாலைந்து நாள் இதே கூத்து. பட்டாளத்தில் என்னவோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போனேன். ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்து தலைக்கு எண்ணெய் கேட்டீர்கள். பாட்டிலில் எண்ணெய் உறைந்து கிடந்தது. அடுப்போரம் காட்டி இளக்கி உங்கள் உள்ளங்கையில் ஊற்றினேன். "இதுக்கே இப்படி உறையுதே, நீங்க இருக்க குளிருல பாறையால்லா ஆயிரும்" என்று சும்மா சொன்னேன். தலைக்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

எண்ணெயைத் தலையில் தேய்த்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தீர்கள். வேலைக்குப் போகும்போது எப்படித் துடைப்பீர்களோ அப்படி. அந்தக் கையாலேயே வால்வைக் கழற்றி, மாட்டி, ஐஸில் வைத்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து உறிஞ்சினீர்கள். ஒன்றும் வரவில்லை.

"ஏட்டி, நீ இழுத்துப் பாரு."

குழாயை வாங்கி இழுத்தேன். கன்னம் ஒட்டியது, காது அடைத்தது, காற்று மட்டும் வரவில்லை. சட்டென்று குழாயைத் துப்பிவிட்டு வாயால் மூச்சு வாங்கினேன். நான் கிணற்றடியில் நின்றதால் துப்ப முடிந்தது. அந்தப் பைலட் எங்கே துப்புவார் என்று நினைத்தேன். இவ்வளவுதானா என்று ஒருநாள் கேட்டேனே, அது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஆகாது, தீப்பிடிக்கும் என்று உங்கள் வேலையிடத்தில் சுவரிலேயே எழுதிப் போட்டிருக்குமாம். மிஷின் எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவீர்களாம். ஆனால் தலைக்கு வைப்பதை யார் எண்ணெய்க் கணக்கில் சேர்த்தார்கள்? நம் ஊர்க்காரர்களுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. துடைத்த பிறகும் விரலில் மிஞ்சிய அந்த எண்ணெய்தான் வால்வில் ஒட்டி, மேலே குளிரில் உறைந்து அதைத் திறக்கவிடாமல் செய்திருக்கிறது, கீழே வந்ததும் இளகியிருக்கிறது. அதிலும் ஒவ்வொரு லீவு முடியும்போதும் எங்கள் வடகரைத் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டி, டப்பா நிறைய நான் கொடுத்தனுப்புவேன். "உங்க ஊரு எண்ணெய் ஆகாயம் வரைக்கும் போயிருக்குட்டி" என்றீர்கள். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தீர்கள்.

சிரிப்பு சாயங்காலம் வரைதான். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றிருந்த பெரியத்தான் வந்தார். தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டார். "நல்லதாப் போச்சுலே. நாளையிலேருந்து எண்ணெய் தேய்க்கத நிறுத்து. கோளாறு தானா நின்னுரும், ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். நீயாப் போயி எங்கையிலதான் தப்புன்னு சொன்னேன்னு வையி, சார்ஜென்ட் பட்டை வருமா?"

"நான் நிறுத்துனா என் மாஸ்க் மட்டும்தான் சரியாவும் அண்ணாச்சி. நம்ம பக்கத்துப் பயலுவ, மலையாளத்துப் பயலுவ எல்லாவனும் எண்ணெய் வச்சுக்கிட்டுதான் வேலைக்கு வாறான். வேற முகாம்லயும் இருக்கான். அவனுவகிட்ட யாரு சொல்லுதது?"

"மொட்டைக் கடுதாசி போடு."

"கையெழுத்துப் போட்டுப் பழகிட்டேன் அண்ணாச்சி."

பெரியத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பதவி உயர்ந்து சட்டைக் கையில் சார்ஜென்ட் பட்டை வந்தால் குடும்பத்தோடு இருக்க முகாமில் வீடு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என்னென்ன எங்கெங்கே வைக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் புருஷனைப் பார்க்கும் பிழைப்பு எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

"நீ என்ன சொல்லுத?" என்றீர்கள்.

"எனக்கே மூச்சு முட்டிருச்சு. போயிச் சொல்லுங்க" என்றேன். உங்கள் முகத்தில் அப்போது வந்த தெளிவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

லீவு முடியும் முன்னே ரயிலேறினீர்கள். அடுத்து வந்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. அதிகாரி முன்னால் எண்ணெயும் ஐஸும் வைத்து நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். அவர் தன் கையாலும் செய்து பார்த்திருக்கிறார். "இது உன் பேரில் பதிவாகும், தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியும் என்று சொல்லிவிட்டு, மற்ற முகாம்களுக்கும் எழுதவேண்டும் சார் என்று நீங்கள் கேட்டீர்களாம். அவர் எழுதினார். அன்றிலிருந்து மாஸ்க் தொடுகிறவர்கள் தலையில் துணி கட்டவேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், வால்வை ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும் என்று விதி வந்தது.

முதல் மாஸ்க்கை நீங்கள்தான் துடைத்து, சோதித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். யார் போட்டுக்கொண்டு மேலே போவது என்ற பேச்சு வந்தபோது, சாகப் போய்ப் பிழைத்த அந்தப் பஞ்சாபியே கை நீட்டியிருக்கிறார். அவர் இறங்கும்வரை ஓடுபாதை ஓரமாகவே நின்றதாகச் சொன்னீர்கள். இறங்கி வந்து மாஸ்க்கைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்து, "இனிமேல் எனக்கு இவர்தான் மாட்டிவிடவேண்டும்" என்றாராம். இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தீர்கள். நான் பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த மனுஷர் பிறகு ஒரு சாரல் காலத்தில் மனைவி பிள்ளைகளோடு குற்றாலம் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அருவிக்கரையில் உட்காரவைத்து நீங்களே அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டீர்கள். அவ்வளவு பெரிய தாடி, அவ்வளவு பெரிய உடம்பு; வழிய வழிய எண்ணெய். "இன்று எனக்குப் பறக்கிற வேலை இல்லை, தாராளமாகத் தேய்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். பாஷை புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

சார்ஜென்டுக்கான அந்த மூன்றாவது பட்டை வரவே இல்லை. முகாமில் வீடும் இல்லை. நீங்கள் இரண்டு பட்டைக் கார்ப்பரலாகவே பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்தீர்கள். அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை என்று சொன்னால் பொய். அழுதிருக்கிறேன், ஆனால் நீங்கள் போய்ச் சொன்னதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து வந்தவர்கள், தாத்தா என்ன பதவியில் ஓய்வு பெற்றார் என்று கேட்டார்கள். மகன் மென்று முழுங்கினான். நான் உள்ளேயிருந்து வந்து, கார்ப்பரல் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிறகு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா பட்டை வந்திருக்குமே ஆச்சி" என்றார்.

"வந்திருக்கும்" என்றேன். "ஆனா அது வேற ஆளுக்கு வந்திருக்கும். அந்த ஆளு கூட நான் வாழ்ந்திருக்க மாட்டேன்."