ஆறாவது ஓட்டை யாருடையது

என் இடுப்பில் உட்கார்ந்து ஊரைப் பார்த்த தம்பி சாலமனுக்கு,

உன் மகன் நவீன், உன் பெயர் பொறித்த கோப்பையைப் பொய்யால் வாங்கிவிட்டான். அது பேத்தமங்களாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியது. துப்பாக்கி சுடும் கிளப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். உன் மனைவி ஸ்டெல்லா அதைத் துடைத்து, ஷோகேஸில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நடந்த அநியாயம் இவ்வளவுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, கேட்க உனக்கும் பொறுமை இருக்காது.

கல்லறைக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது உன் காதில் மட்டும் விழுந்தால் போதாது. இந்தத் தங்கச் சுரங்க ஊரில் கோரமண்டலிலிருந்து சாம்பியன் ரீப்ஸ் வரைக்கும் எல்லோரும் படிக்கட்டும். குடும்ப மானத்தைக் கிழவி ரோட்டில் போட்டுவிட்டாள் என்பார்கள். போட்டது நானா?

நீ போன மறு வருஷமே உன் பெயரில் ஏர் பிஸ்டல் போட்டி வைக்கப்போகிறோம் என்று கிளப்பிலிருந்து வந்தார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். ஜெயித்தவர் ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு அடுத்த போட்டிக்கு முன்னால் திருப்பித் தர வேண்டிய சுழற்கோப்பை. மூத்த அக்கா என்று என்னைத்தான் கொடுக்கச் சொன்னார்கள். முதல் தடவை கொடுத்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ வாங்காத கோப்பையை நீயே கொடுப்பது போல இருந்தது.

இந்த விளையாட்டை நாம் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று இங்கே யாருக்கும் தெரியாது. உனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. பெங்களூர் வேலைக்கு விடியற்காலை ரயில் பிடித்துப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். சொல்லித்தர ஆளில்லை. கிளப்பில் இரவல் வாங்கிய ஒரு பிஸ்டல், ராபர்ட்சன்பேட்டை கடையில் பிரிண்ட் எடுத்த விதிப் புத்தகம், ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான். இவ்வளவுதான் நமக்கு இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் வந்தது பைபிளால். தமிழ்ப் பைபிளையும் இங்கிலீஷ் பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வசனம் வசனமாகப் படித்துக் கற்றவள் நான். விதிப் புத்தகத்துக்குத் தமிழ்த் துணை இல்லை. ஒரு பக்கத்தை ஒரு வாரம் படித்தேன். சுடுகிற கை ஒன்றே ஒன்று, மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கூடாது, அந்தக் கையில் கடிகாரம் கூடாது, துப்பாக்கி முனை எப்போதும் குறி அட்டைப் பக்கம்தான் இருக்க வேண்டும். நீ சாப்பிடும்போது வாசித்துக் காட்டுவேன். “அக்கா, கொழம்ப ஊத்திட்டுப் படி” என்பாய்.

அட்டை பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அதற்கு எங்கே போவது? சமையலறைப் பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் வாசற்படிவரைக்கும் பத்தாது. அதனால் குண்டு போடாமல், குறியும் இல்லாமல், வெறும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து நின்றாய். துப்பாக்கி முனையில் இருக்கிற முன்சைட் தெளிவாகத் தெரிய வேண்டும், சுவர் மங்க வேண்டும். சைட் அசையாமல் டிரிகரை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் கை அங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கிற கண் அடுத்த குண்டையும் கெடுக்கும். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி காற்றில் வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்க நிற்பாய். நான் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து “லோடு”, “ஸ்டார்ட்” என்று கட்டளை சொல்வேன். நீ அழுத்தப்போகிற நேரம் பார்த்து “ஸ்டாப்” என்பேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்குவாய். எதிர்வீட்டு மார்த்தா, “எஸ்தரம்மா வூட்டுல போலீஸ் ட்ரெய்னிங் நடக்குது, வாரண்டு வந்தா மொதல்ல அங்கதான் வரும்” என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

ரயிலிலும் நீ பழகினாய். மாரிக்குப்பம் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, பாதத்தில் எடை எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போவாயாம். ஒரு தடவை பங்காருபேட்டை வளைவில் யார் மடியிலோ போய் விழுந்தாய்.

பிறகு அந்தப் பெங்களூர் போட்டி வந்தது. நான் பின்னால் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாய். நடுவில் ஒரு குண்டை விட்டதும் பிஸ்டலை இறக்கி மேஜைமேல் வைத்துவிட்டு இடது கையைத் தூக்கினாய். உன் குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் விழுந்திருந்தது. அந்த ஆளுக்கே அது தெரியாது, ரேஞ்ச் ஆபீசருக்கும் தெரியாது. “சார், அவர் அட்டையில ஒண்ணு என்னுது” என்று நீயே சொன்னாய். விதிப்படி அந்தக் குண்டுக்கு உனக்குச் சைபர். மாநிலப் போட்டிக்கான தேர்வு அதோடு போயிற்று.

அது விதிப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்த பழக்கமா? நம் அப்பா சுரங்கத்தில் வெடி வைக்கிற ஆள். ஷிஃப்ட் முடிந்து, ஆளை மேலே ஏற்றுகிற கேஜில் ஏறுவதற்கு முன்னால் அடுத்த ஷிஃப்ட் மேஸ்திரியைத் தேடிப் பிடித்து, எந்த இடத்தில் எந்தக் குழி வெடிக்காமல் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே வருவார். சொன்னால் திட்டு விழும். சொல்லாமல் வந்தால் அடுத்து அங்கே டிரில் பிடிக்கிறவன் செத்தான். தன் கையால் தப்பிப் போனதைத் தானே சொல்ல வேண்டும், யாரும் கேட்கிறவரை காத்திருக்கக் கூடாது. நம் வீட்டில் இதை யாரும் புத்திமதியாகச் சொன்னதில்லை. சாப்பிட உட்காரும்போது, “இன்னிக்கி ஒண்ணு நின்னுபோச்சி, சொல்ட்டு வந்தேன்” என்பார். நாமும் கேட்டுக்கொண்டு சாப்பிடுவோம்.

இனி உன் மகனைப் பற்றி. அவன் உன்னைவிட நன்றாகச் சுடுகிறான், அதை மறைக்க மாட்டேன். கை ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரில் பழகுகிறான், போனில் வீடியோ பார்க்கிறான். விதிப் புத்தகமும் படித்திருக்கிறான். எனக்குக் கசப்பதே அதுதான். தெரியாமல் செய்தவனை விட்டுவிடலாம். இவன் தெரிந்துகொண்டு விதிக்குள்ளேயே ஒளிந்துகொண்டான்.

நம் கிளப்பில் இன்னும் காகித அட்டைதான், அட்டைக்கு ஐந்து குண்டு. நவீனுக்குப் பக்கத்து லேனில் பல்லவி என்ற அந்தப் பெண். அப்பா ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிறவர், மொபெட்டில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இருவரும் சமமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி அட்டையில் நவீன் ஒரு குண்டை விட்டான். விட்டதும் அவன் கண் தன் அட்டைக்குப் போகவில்லை, பக்கத்து அட்டைக்குப் போயிற்று. பிறகு ஒன்றும் நடக்காதது போல அடுத்த குண்டைப் போட்டான். பின்னால் பெஞ்சில் இருந்த நான் பார்த்தேன். பார்க்க வேண்டிய ரேஞ்ச் ஆபீசர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அட்டைகள் வந்தன. பல்லவியின் அட்டையில் ஆறு ஓட்டை. நவீனின் அட்டையில் நாலு. அவள் உடனே கையைத் தூக்கி, ஒன்று தன்னுடையது இல்லை என்றாள். நவீன், தன் இரண்டு குண்டு ஒரே ஓட்டையில் போயிருக்கிறது, நடுவில், பத்தில் என்றான். அந்த ஓட்டையின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. புதுப் பெண், கணக்குத் தவறி ஆறு போட்டிருக்கும் என்றார் கிளப் செயலர். அவள் குண்டு வைத்திருந்த டப்பா மூடியைக் காட்டி, “ஐதே இட்டித்தே சார்” என்று கன்னடத்தில் சொன்னாள். ஐந்துதான் எடுத்து வைத்திருந்தாளாம். யார் கேட்டார்கள்?

கூடுதலாக இருக்கிற ஓட்டை இன்னொருவர் சுட்டது என்று உறுதிப்படுத்த முடியாவிட்டால், அந்த அட்டையில் அதிகப் புள்ளி உள்ள ஓட்டையை நீக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது, நானே உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவளுடைய பத்து போயிற்று. நவீனுக்கு இல்லாத பத்து கிடைத்தது.

பரிசளிப்புக்கு முன்னால் பைக் நிறுத்துகிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

“நவீன், அந்த ஆறாவது ஓட்ட உன்னுதா?”

“ஸ்கோரு போட்டாச்சி அத்த. வுடுங்க.”

“நான் ஸ்கோரு கேக்கல.”

ஹெல்மெட் பட்டையைச் சுண்டிக்கொண்டே நின்றான். “யாராலயும் ப்ரூவ் பண்ண முடியல இல்ல? ரூலு இன்னா சொல்லுதோ அதான். அப்பாவும் ரூலுபடிதானே போனாரு.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தேகத்தோடாவது வீடு வந்து சேர்ந்திருப்பேன். அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை, தம்பி.

மேடையில் பெயர் கூப்பிட்டார்கள். கோப்பை என் கையில். இது கொடுப்பதற்கில்லை என்றேன். செயலர் சிரித்துக்கொண்டே, “மொதல்ல போட்டோ எடுத்துக்கலாம்மா, அப்பறம் கோவிச்சிக்குங்க” என்றார். கூட்டமும் சிரித்தது. நான் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா எழுந்து மேடைக்குப் போனாள். இரண்டு கையாலும் அதை எடுத்து மகன் கையில் கொடுத்தாள். கை தட்டினார்கள். பல்லவியின் அப்பா என்னைத் தாண்டிப் போகும்போது, “ஹோக்லி பிடி அம்மா” என்றார். போகட்டும் விடுங்கள் என்று. அவருக்குப் போகலாம். அந்தப் பெண் அன்றிலிருந்து கிளப்புக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“இன்னா அண்ணி, அவருக்குன்னு இந்த ஊர்ல ஒரு கல்லறையும் ஒரு கோப்பையும்தான் கீது. அதுல எம்புள்ள பேரு வந்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சிபோச்சி? ரூலு ரூலுன்னு அவரத்தான் ஒரு எடத்துக்குப் போவ வுடல. இப்ப எம்புள்ளையா?”

அவன் அப்பாவைப் போல அவன் செய்யவில்லை என்றேன்.

அவள் சத்தமே போடவில்லை. “கையத் தூக்காம இருந்திருக்கலாம் ஸ்டெல்லான்னு அவரு என்னாண்ட சொன்னாரு. உங்களாண்ட சொன்னாரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என்னிடம் நீ சொல்லவில்லை. சொன்னாயா அவளிடம்? எத்தனை தடவை சொன்னாய்? அந்த நாள் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். களைப்பு என்று நினைத்தேன். ஸ்டெல்லா பொய் சொல்கிறவள் இல்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்து முடித்துவிட்டேன். நீ சொல்லியிருக்கலாம். வருத்தப்பட்டுமிருக்கலாம், நீயும் மனுஷன்தானே. அது உன் வீட்டுக்குள் உன் மனைவியிடம் சொன்னது. சுடுகிற லைனில் நின்றபோது கையைத் தூக்கினாய். வலிக்கும் என்று தெரிந்து தூக்கிய கைக்கு என் கணக்கில் மதிப்பு கூடத்தான் செய்கிறது, குறையவில்லை. உன் வருத்தத்தைக் காட்டி உன் மகன் செய்ததை யாரும் கழுவ முடியாது, ஸ்டெல்லாவும் முடியாது.

ஆகவே நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நவீன் பேத்தமங்களாவுக்குப் போக வேண்டும். கோப்பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெண்ணிடம், அவள் அப்பா எதிரில், ஆறாவது ஓட்டை தன்னுடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். போனில் மெசேஜ் அனுப்பினால் அது சொன்னதாகாது.

செயலர் முடிவைத் திருத்திக் கிளப் பலகையில் எழுத வேண்டும். இனி அட்டைக்கு ஒரு குண்டு என்று மாற்ற வேண்டும். பல்லவியைத் திரும்பக் கூப்பிட அவரே போக வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. ரேஞ்ச் ஆபீசர் அன்று லைனைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் அந்த நாற்காலியை விட வேண்டும்.

ஸ்டெல்லா மகன் புறப்படுகிற அன்று வாசலை மறிக்கக் கூடாது. கூடப் போனால் நல்லது. என்னோடு பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது நான். அடுத்த போட்டிக்கு முன்னால் கோப்பை கிளப்புக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குள் நவீன் போய்ச் சொல்லியிருந்தால், அன்று மேடையில் என் கையாலேயே அதை முறைப்படி பல்லவிக்குக் கொடுப்பேன், அவனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வேன். சொல்லாவிட்டால், போட்டி அன்றைக்கு அரம் ஒன்று எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, அதிலிருந்து உன் பெயரைத் தேய்த்து எடுத்துவிடுவேன். யார் தடுத்தாலும் எடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த மூத்தவள்,
எஸ்தர் அக்கா